அம்புஜம் மேடம் காது கொடுக்கிறார்

பேசத் தெரிந்தவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். போதாக்குறைக்கு அவர்களே தங்களைப் பற்றி நிறையப் பேசியும் விட்டார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது அதற்கு நேர் எதிரான, அதைவிட மதிப்புக்குரிய, அதைவிட ஆபத்தான ஓர் இனம். 'கேட்கத் தெரிந்தவர்கள்' என்று அவர்களுக்குப் பெயர்.

இவர்களை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். ஒரு காரியமாகப் போய் எதிரே உட்கார்ந்து நீங்கள் வாயைத் திறந்ததும், அவர் பேனாவை மூடுவார், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார், தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், புருவத்தை அளவாகச் சுருக்குவார், 'ம்' என்பார், நீங்கள் தொடர்ந்ததும் இன்னும் கொஞ்சம் குழைந்த குரலில் இன்னொரு 'ம்' என்பார், உங்கள் குரல் கம்மும் இடத்தில் சரியாக ஒரு பெருமூச்சும் விடுவார். நீங்கள் உருகிப்போய், சொல்ல வந்ததையும் சொல்ல வராததையும் சேர்த்துக் கொட்டிவிட்டு, கும்பிட்டு விடைபெற்று, பஸ் ஏறி, உக்கடம் தாண்டும்போதுதான் உங்களுக்கு உறைக்கும். போன காரியம் நடக்கவில்லை. அவர் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. ஆனால் என்னமாய்க் கேட்டார்! அடுத்த வாரமும் அவரிடமே போவீர்கள்.

இந்த இனத்தில் பாங்க் மேனேஜர்கள் உண்டு, பெரிய வீட்டு மூத்த மருமகன்கள் உண்டு, எல்லாக் கட்சியிலும் வட்டச் செயலாளர்கள் உண்டு. இவர்களெல்லாம் பழக்கத்தால் வந்தவர்கள். முறையாகப் படித்துப் பட்டயம் வாங்கி, அதைப் பிறருக்குக் கற்றும் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். அவர்தான் அம்புஜம் மேடம்.

பொள்ளாச்சி ரோட்டில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு நர்சிங் பள்ளி. நூல் மில் முதலாளி பொங்கியண்ணன், மில்லில் ஸ்ட்ரைக் நடந்த ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்து, ஸ்ட்ரைக் வராத தொழில் எதுவென்று யோசித்து, காலமான தன் மனைவி குழந்தையம்மாள் பெயரில் தொடங்கிய பள்ளி அது. அங்கே துணை முதல்வரும், மனநலச் செவிலியர் பாடத்துக்கு ஒரே ஆசிரியையும் அம்புஜம் மேடம். பெங்களூரில் ஒரு வருடம் படித்தவர். படித்தது ஒரு வருடம்தான். படித்ததைச் சொல்லிக்கொண்டிருப்பது பல வருடமாக. "நான் பெங்களூர்ல இருக்கறப்ப" என்று தொடங்காமல் அவர் பெருக்குகிற ஆயாவுக்குக்கூட வேலை சொன்னதில்லை.

அவருடைய பாடத்தின் உயிர்நாடி 'சிகிச்சை உரையாடல்'. மனம் நொந்த நோயாளி பேசும்போது நர்ஸ் எப்படிக் காது கொடுக்க வேண்டும் என்பதற்கான முறைகள். நோயாளி சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொல்வது ஒன்று, பிரதிபலித்தல். பேசாமல் இருப்பது ஒன்று, மௌனம். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வது ஒன்று, தொகுத்தல். ஒவ்வொன்றுக்கும் கலர் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய சார்ட் உண்டு. காது ஒன்று பெரிதாக வரைந்து, அதற்குள் இதயம் வரைந்து, இதயத்துக்குள் ஒரு நர்ஸ் தொப்பி வரைந்த சார்ட் ஒன்றும் உண்டு. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற அதிகாரிகள் அதன் முன்னால் நின்று ஒரு நிமிடம் கரைந்துவிட்டுத்தான் டிபன் சாப்பிடப் போவார்கள்.

மேடம் இந்த முறைகளைப் பள்ளியோடு விட்டுவிடுகிறவர் அல்ல. அவர் கணவர் அரங்கசாமி, கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்தவர் சொன்னார்: "சாம்பார்ல உப்பில்ல, அம்புஜம்."

"உப்பில்லைங்கறது உங்களுக்கு வருத்தமா இருக்குது" என்றார் மேடம், தலையைச் சாய்த்து.

"வருத்தமெல்லாம் இல்ல. உப்பு வேணும்."

"வேணும்னு உங்க மனசுக்குப் படுது."

அரங்கசாமி எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்தார். அன்றிலிருந்து அதைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார், வாயைத் திறப்பதில்லை. "எங்க வீட்டுக்காரர் இப்பெல்லாம் ஒரு குறையும் சொல்றதில்லைங்க. எல்லாம் உரையாடல்தான் காரணம்" என்று மேடம் வகுப்பில் இதை உதாரணமாகச் சொல்வார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான், தொண்ணூற்று நாலாம் வருடம் செப்டம்பரில், சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் வந்தது.

கோயமுத்தூருக்கும் சூரத்துக்கும் துணி வழியாக ஒட்டு உண்டு என்பதால், பயம் மற்ற ஊர்களைவிட இங்கே ஒரு பிடி கூடுதலாகவே வந்து இறங்கியது. மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோயிற்று. கைக்குட்டை வைத்திருந்தவர்கள் மூக்கில் கட்டினார்கள்; இல்லாதவர்கள் துண்டைக் கட்டினார்கள். தாத்தா காலத்துப் பிளேக்குக்குக் கட்டிய மாரியம்மன் கோயில்களில் திடீரென்று வரிசை நின்றது. எலிகளுக்கு இருந்த மரியாதையும் போயிற்று.

பொங்கியண்ணன் மில்லிலிருந்து ஆள் அனுப்பிப் பள்ளிக்கூட கேட்டைப் பூட்டச் சொன்னார். விடுதிப் பிள்ளைகள் யாரும் வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து யாரும் உள்ளே வரக் கூடாது, தபால்கூட வேண்டாம். ஆபீஸ் கிளார்க் முதல் நாளே உடுமலைப்பேட்டைக்கு ஓடிவிட்டதால் ஆபீஸ் அறையும், பள்ளிக்கு இருந்த ஒரே டெலிபோனும், அதன் டயலில் தொங்கிய குட்டிப் பூட்டின் சாவியும் மேடத்தின் பொறுப்புக்கு வந்தன. வருகிற போனை அவரே எடுத்தார். போகிற போன் எதுவும் போகவில்லை.

இதில் ஒரு சிக்கல். மூன்றாம் வருட மாணவிகள் அந்த மாதம் மதராஸ் போய், மனநல மருத்துவமனையில் தங்கி, நோயாளிகளைப் பார்த்துப் பழகி வரவேண்டும். ரயிலில் யார் யார் எங்கிருந்து ஏறி வருகிறார்களோ என்று அதுவும் ரத்தாகிவிட்டது. நோயாளியையே பார்க்காமல் மனநோய் நர்ஸிங்கை எப்படிக் கற்றுக்கொடுப்பது? வேறொருவராக இருந்தால் கலங்கியிருப்பார். மேடத்துக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். நோயாளிகள் இருந்தால் பாடம் ஒழுங்காக நடக்காது என்பது அவருடைய நெடுநாள் அனுபவம். சார்ட்டில் இருக்கிறபடி அவர்கள் பேச மாட்டார்கள்.

ஆகவே புதிய பயிற்று முறை தயாராயிற்று. வகுப்பில் பாதிப் பேர் நோயாளிகள், பாதிப் பேர் நர்ஸுகள். யாருக்கு என்ன நோய் என்பது சீட்டுக் குலுக்கி முடிவாகும். மாணவிகள் பெரிய கூடத்துக்குள், பெஞ்சுக்கு ஒருத்தியாக, மூக்கில் கைக்குட்டையோடு. மேடம்? மேடம் உள்ளே வரமாட்டார். பிளேக்கைப் பற்றிப் பள்ளியிலேயே அதிகம் படித்தவர் அவர், ஆகவே அதிகம் பயந்தவரும் அவர்தான். வராந்தாவில் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு, கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தை ஊற்றி முகர்ந்தபடி, மைக்கில் பாடம் நடத்துவதாக ஏற்பாடு.

மைக் செட்காரர் அப்துல் வஹீதுக்கு மட்டும் மேடம் கேட்டைத் திறக்கச் சொன்னார்; அவர் வந்து, எல்லாவற்றையும் வராந்தாவிலேயே இறக்கினார். அவர் கல்யாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் கட்டிப் பழகியவர். கூடத்துக்குள் ஒரு ஸ்பீக்கரை வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் ரோட்டைப் பார்க்கக் கட்டிவிட்டார்.

"மேடம், பிள்ளைங்க பக்கம் ஒரு மைக் வெக்கட்டுங்களா?" என்றும் கேட்டார்.

"எதுக்குங்க? அவங்க கேக்கறதுக்குத்தானே இருக்காங்க" என்றார் மேடம்.

அந்த வாரம் முழுவதும் பொள்ளாச்சி ரோட்டில் அந்தப் பக்கம் ஒரு மைல் தூரத்துக்கு மனநலச் செவிலியர் பாடம் ஒலித்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் படித்தார்கள், தேங்காய் லாரிக்காரர்கள் படித்தார்கள். டீக்கடையில், "டீ வேணுமுங்களா?" என்று கேட்டால், "டீ வேணும்னு எனக்குத் தோணுதுன்னு உங்களுக்குத் தோணுதுங்களா?" என்று பதில் வர ஆரம்பித்தது. கடைக்காரர் ரெண்டு பேரோடு சண்டைக்கே போய்விட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் தவித்துக்கொண்டிருந்த ஒரு பெண் இருந்தாள். அவள் பெயர் பழனியாத்தாள். சென்னிமலைக்காரி, தறிக்காரர் வீட்டுப் பெண். அவள் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி சூரத்தில் ஒரு மில்லில் தறி ஃபிட்டர். அவன்தான் அவளைப் படிக்கவைக்கிறான், அப்பா இல்லாத வீட்டில் அவன்தான் எல்லாம். பேப்பரில் சூரத் என்ற எழுத்தைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் பெண் சோற்றை அளைந்துகொண்டிருந்தாளே தவிரத் தின்னவில்லை. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு ஆபீஸ் அறை வாசலில் வந்து நின்றாள்.

மேடம் அவளை வாசலிலேயே நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார். தலையைச் சாய்த்தார்.

"மேடம், என்ற அண்ணன் சூரத்துல இருக்குதுங்க."

"ம். அண்ணன் சூரத்துல இருக்கறாரு."

"தீவாளிக்கு முன்னாடியே வாரேன்னு எழுதியிருந்துச்சுங்க. அப்பறம் ஒண்ணும் தெரியிலீங்க. பேப்பர்ல தெனமும் சாவு சாவுன்னு போடறாங்க."

"பேப்பர்ல போடறது உன்ற மனசைப் பாதிக்குது."

"ஆமாங்க மேடம். எங்கூட்டுக்குப் பக்கத்துல ஒரு பெட்ஷீட் கடையில போன் இருக்குதுங்க. அண்ணன் வந்துதா, தாக்கல் சேதி ஏதாச்சும் வந்துதான்னு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வெச்சர்றனுங்க."

"ஒரு வார்த்தை கேட்டாப் போதும்னு உனக்கு இருக்குது."

"ஆமாங்க."

மேடம் பேசவில்லை. இது மௌனம் என்கிற முறை. பழனியாத்தாள் காத்திருந்தாள். சாவி மேசைமேல், மேடத்தின் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அவள் அதையே பார்த்தாள். மேடம் அவளையே பார்த்தார், கண் இமைக்காமல். கண்ணோடு கண் பார்ப்பதற்கும் ஒரு சார்ட் உண்டு.

"கேக்கட்டுங்களா மேடம்?"

"கேக்கலாமா வேண்டாமான்னு உள்ளுக்குள்ள ஒரு தயக்கம்."

"தயக்கமெல்லாம் இல்லீங்க..."

"சரி கண்ணு. நாம பேசினதைத் தொகுத்துப் பாக்கலாம். அண்ணன் மேல பாசம். அதனால கவலை. கவலையை வெளிய சொல்லோணும்னு ஒரு தவிப்பு. சொல்லிப்போட்டே. இப்ப மனசு லேசாச்சா?"

"இல்லீங்க."

"இல்லைன்னு தைரியமாச் சொன்னே பாரு, அதுதான் முதல் படி" என்றார் மேடம். நிஜமாகவே அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு சுத்தமான உரையாடல் அவருக்குப் பெங்களூரில்கூட அமைந்ததில்லை. அந்தப் பெண் போன பிறகு, அவள் என்ன கேட்டாள் என்று யாராவது அவரைக் கேட்டிருந்தால் திணறியிருப்பார். தான் என்ன சொன்னோம் என்பது ஒரு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது.

அன்று மத்தியானம் பொங்கியண்ணன் மில்லிலிருந்து போன் செய்தார். "ஏனுங்க மேடம், பிள்ளைங்க சௌரியமா இருக்குதுங்களா? ஏதாச்சும் வேணும்னு கேக்குதுங்களா?"

"ஒண்ணும் கேக்கலீங்க. எல்லாரும் மனசு விட்டுப் பேசறாங்க" என்றார் மேடம்.

மறுநாள் வகுப்பில் சீட்டுக் குலுக்கினார்கள். பழனியாத்தாளுக்கு வந்தது மேனியா, அதாவது காரணமில்லாத அளவுகடந்த உற்சாகம். அவளுக்கு நர்ஸாக வந்தவள் மரகதமணி, பக்கத்துக் கட்டில்காரி, இருக்கிற சங்கதியெல்லாம் தெரிந்தவள். நோயாளி சிரிக்க வேண்டும், பாட வேண்டும், தான் மகாராணி என்று சொல்ல வேண்டும். பழனியாத்தாள் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். சிரிப்புக்குப் பதிலாக அழுகை வந்தது. சாதாரண அழுகை இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்தது. "எங்கண்ணன் இருக்குதா இல்லையான்னுகோடத் தெரியிலியே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மைக் கரகரத்தது. "பழனியாத்தா, உனக்குக் குடுத்தது மேனியா. நீ செய்யறது மனச்சோர்வு. பாடத்தை மாத்திப் படிச்சுட்டயா?"

மரகதமணி பெஞ்சைத் தாண்டி ஓடி அவளைக் கட்டிக்கொண்டாள்.

"தொடக்கூடாது! நர்ஸ் நோயாளியைக் கட்டிப் புடிக்கக்கூடாது. பிளேக் காலத்துல யாருமே யாரையும் கட்டிப் புடிக்கக்கூடாது. மரகதமணி, உன்ற எடத்துக்குப் போ."

"மேடம், இது நடிப்பில்லீங்க! நெசமாலுமே அழுவறாளுங்க!" என்று மரகதமணி ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"பிரமாதம்!" என்றது தென்னை மரத்துக் குழாய். "எல்லாரும் எழுதிக்கங்க. நோயாளியோட துக்கம் அவளுக்கு நடிப்பில்லை, நெசம். மரகதமணி சரியாப் புடிச்சுட்டா. இதைத்தான் நான் மூணு வருசமாச் சொல்லிட்டிருக்கறேன்."

மாணவிகள் எழுதிக்கொண்டார்கள். வேறென்ன செய்வார்கள்? பரீட்சைக்கு வரக்கூடிய வாக்கியம்.

மேடத்துக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை. மேனியாவோ மனச்சோர்வோ, அப்படியொரு தத்ரூபமான அழுகையை ஒரு மாணவியிடமிருந்து வரவழைத்தது யார்? அவருடைய பயிற்று முறை. உடனே தாளாளர் பொங்கியண்ணனுக்குப் போன் போட்டு, நாளைக்கு ஒரு நடை வந்து பார்க்கும்படி கூப்பிட்டார். சாவியும் போனும் அதற்குப் பயன்பட்டன. பிறகு பழனியாத்தாளை வாசலுக்கு வரவழைத்தார்.

"நாளைக்கு ஐயா வாராரு, கண்ணு. இன்னிக்கு அழுத மாதிரியே அழுவோணும். அந்த 'இருக்குதா இல்லையா' வாரதே, அந்த எடம் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லு."

பழனியாத்தாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "ஐயா வாராருங்களா?" என்று மட்டும் கேட்டாள். மேடம் அந்தக் கேள்வியில் ஆர்வத்தைக் கண்டார், பாராட்டினார்.

பொங்கியண்ணன் மறுநாள் வெள்ளை வேட்டியும் மூக்கில் சரிகைத் துண்டுமாக வந்து, வராந்தாவில் மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பயிற்று முறை, நாடகம், சீட்டு என்றெல்லாம் மேடம் விளக்க ஆரம்பிப்பதற்குள்ளேயே, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பழனியாத்தாள் எழுந்து நின்றுவிட்டாள். இன்று அவள் அழவில்லை. மரகதமணியைப் பார்க்காமல், நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயா, என்ற அண்ணன் சூரத்துல தறி ஃபிட்டருங்க. ஒரு தாக்கலும் இல்லீங்க. ஊட்டுக்கு ஒரு போன் பண்ணோணுமுங்க."

பொங்கியண்ணன் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். பிரதிபலித்தல், மௌனம், தொகுத்தல் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆகவே பாவம், அவள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது.

"அடக் கெரகமே! எந்த மில்லு அம்மிணி? அங்க நம்ம நூல் ஏஜென்டு இருக்கறாரே, கேட்டுப்போடலாமே" என்று நாற்காலியை விட்டு எழுந்தார். "மேடம், சாவியக் குடுங்க."

மேடம் கலகலவென்று சிரித்தார். அவர் வாழ்க்கையில் அதைவிட இனிய கணம் வந்ததில்லை. "ஐயா, உக்காருங்க. இது ரோல் ப்ளேங்க. நோயாளி வேசம். போன் வேணும்னு கேக்கறது நோயாளியோட தவிப்பு."

"அப்படீங்களா?" பொங்கியண்ணன் கூச்சத்தோடு உட்கார்ந்தார். "நெசமாட்டவே இருந்துச்சுங்க. நான் ஒரு மடையன்."

"நெசந்தானுங்க ஐயா!" என்றாள் பழனியாத்தாள்.

"பாத்தீங்களா? இன்னும் வேசத்துல இருந்து வெளிய வரலை. அவ்வளவு ஆழமாப் போயிட்டா" என்றார் மேடம், மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்து. பொங்கியண்ணன் கை தட்டினார். முதலாளி தட்டினால் வேறு யார் தட்டாமல் இருக்க முடியும்? கூடம் முழுக்கத் தட்டியது. மரகதமணி ஒருத்திதான் தட்டவில்லை.

கைதட்டல் அடங்குவதற்கு முன்பு பழனியாத்தாள் கூடத்தின் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டாள். மேடம் பிளேக்குக்குப் பயந்து நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவர் விட்ட மைக்கை அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, ரோட்டுல இருக்கறவங்களே" என்றாள். தென்னை மரத்திலிருந்து அது ரோடு முழுக்கக் கேட்டது. "நான் பழனியாத்தாளுங்க. சென்னிமலை ஈஸ்வரமூர்த்தி என்ற அண்ணனுங்க. சூரத்துல இருந்துச்சுங்க. உசுரோட இருக்குதான்னு தெரியிலீங்க. ஆராச்சும் எங்கூட்டுல கேட்டுச் சொல்லுங்க. இது நாடகமில்லீங்க. கும்பிட்டுக் கேக்கறனுங்க."

ரோட்டில் ஒரு லாரி நின்றது. அப்புறம் ஒரு பஸ். டீக்கடையிலிருந்து ஆட்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். ஒரு வாரமாகப் பாடம் கேட்டவர்கள்தான். அவர்களில் ஒருவர்கூட அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. பூட்டின கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு ஒரு போன் போட்டுக் குடுத்தா என்னங்க? உங்க சொத்தா கரைஞ்சுபோகுது?" என்று ஒரு குரல் கேட்டது. அது பொங்கியண்ணனின் பங்காளி ஒருவரின் குரல் போலிருந்தது. பொங்கியண்ணன் திரும்பி மேடத்தின் முன்னால் கையை நீட்டினார். மேடம் சாவியைக் கொடுத்தார். முறைகள் எதையும் யோசிக்க நேரமில்லை.

பெட்ஷீட் கடைக்காரர் எடுத்தார். ஆளைக் கூப்பிட ஓடினார். ஆபீஸ் அறையில் பொங்கியண்ணனும், மேடமும், மரகதமணியும், ரிசீவரைப் பிடித்த பழனியாத்தாளும். மேடம் ஜன்னலோரம், கைக்குட்டையோடு. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா" என்றாள். "நீதானாண்ணா? சாப்புட்டயா? காச்சலெல்லாம் ஒண்ணுமில்லையா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த பொங்கியண்ணனுக்கும் கண் கலங்கிவிட்டது. சரிகைத் துண்டு மூக்கிலிருந்து கண்ணுக்கு ஏறியது.

"ஏண்ணா, வந்தவுடனே ஒரு வார்த்தை சொல்லியுடப்படாதா? இத்தனை நாளா நான் செத்துச் செத்துப் பொழைச்சேனே..." என்றவள், அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே மெல்லத் திரும்பி மேடத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மிணி சொல்றான்?" என்றார் பொங்கியண்ணன்.

"போன வாரமே ஊடு வந்து சேந்துருச்சாமுங்க. வந்த அன்னிக்கே இங்க போன் பண்ணுச்சாமா. ஒரு அம்மா எடுத்தாங்களாம். ரொம்பத் தங்கமானவங்களாம். அது சொன்னதையெல்லாம் ஒண்ணுவிடாமத் திருப்பிச் சொன்னாங்களாமா. அதனால எப்படியும் என்றகிட்டச் சொல்லிப்போட்டிருப்பாங்கன்னு நெனைச்சுப்போட்டு, அதுபாட்டுக்கு நிம்மதியா இருந்துச்சாமுங்க."

அறையில் யாரும் பேசவில்லை. இது சார்ட்டில் இருக்கிற மௌனம் இல்லை. அம்புஜம் மேடம் யோசித்துப் பார்த்தார். யாரோ ஒரு ஆண் பேசியது உண்மைதான். நல்ல உரையாடல். 'உயிர் தப்பி வந்து சேர்ந்ததில் உங்களுக்கு ஆறுதல்' என்று தான் சொன்னது நினைவிருந்தது. 'தங்கச்சி கவலைப்படுவாளேன்னு உங்களுக்கு ஒரு ஏக்கம்' என்று தான் சொன்னதும், எவ்வளவு இதமான குரலில் சொன்னோம் என்பதும் நினைவிருந்தது. எந்த ஊர், எந்தத் தங்கச்சி என்பதுதான் நினைவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தது தன் குரலை அல்லவா?

பொங்கியண்ணன் அவரைத் திட்டவில்லை. கொங்கு நாட்டு மனிதர். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "மேடம், நீங்க போயி ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க. சாவி எங்கிட்டயே இருக்கட்டுமுங்க" என்றார்.

"எனக்கு ஓய்வு வேணும்னு உங்களுக்குத் தோணுது" என்று சொல்ல வாயெடுத்தவர், அந்த ஒருதடவை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

அத்தோடு மேடம் திருந்தினார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை என்று அர்த்தம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். அடுத்த வருடம் மதுரையில் நடந்த செவிலியர் ஆசிரியர் மாநாட்டில், கொள்ளைநோய்க் காலத்தில் ஒலிபெருக்கி வழியாக மனநலப் பயிற்சி அளித்தது பற்றி அவர் ஒரு கட்டுரை வாசித்தார். ஒரு மாணவி தன் உள்ளத்தை ஊரறியத் திறந்துகாட்டும் அளவுக்கு அந்த முறை வெற்றி பெற்றதை விவரித்தபோது பலர் கண் துடைத்தார்களாம். பொன்னாடை போர்த்தினார்கள். பழனியாத்தாள் அந்த வருடப் பரீட்சையில் சிகிச்சை உரையாடல் பற்றிய கேள்வியை மட்டும் தொடாமல் விட்டுவிட்டு, மற்றதில் பாஸ் செய்தாள்.

நீங்கள் சிரித்துக்கொண்டு வந்தீர்கள், கவனித்தேன். இப்படியும் ஒரு பெண்பிள்ளை உண்டா என்று தலையைக்கூட ஆட்டினீர்கள். நல்லது. நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், சமையலறையிலிருந்தோ, அடுத்த நாற்காலியிலிருந்தோ, ஒருவர் உங்களிடம் ஏதோ சொன்னார். கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். நீங்களும் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், குரலில் வேண்டிய அளவு அக்கறையைச் சேர்த்து, 'ம்' என்றீர்கள். அவர் போய்விட்டார்.

என்ன சொன்னார்?